ஐம்பது ஃபில்ஸ்

சாரில் பத்தொன்பதாம் எண் வில்லா.
மூன்று ஸ்பிளிட் ஏசி கழற்ற வேண்டும்.
வெளியே வேனோடும் ஏணியோடும்
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் இபுராம்சா.
வீட்டில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது,
மீதி சாப்பாட்டு மேசைமேல்
விலைச்சீட்டு ஒட்டிக் கிடந்தது.

கேஸ் இறக்கும்போது
கேஜ் முள்ளைப் பார்க்க வேண்டியவன் நான்.
கண் மேசைக்குப் போய்விட்டது.

மீன்கத்தி பன்னிரண்டு, ஒன்றுக்கும் கூர் கிடையாது,
முள்ளிலிருந்து சதையைத் தள்ளினால் போதும் அவற்றுக்கு.
எலும்புப் பிடி போட்ட மேசைக்கத்திகள்,
சுடுதண்ணீரில் கழுவிக் கழுவி
உள்ளே ஊற்றிய அரக்கு இளகி
கிழப்பல்லாய் ஆடின.
நடுவே, சுட்டுவிரல் நீளம்,
மடங்கிக் கிடந்தது பழம் நறுக்கும் கத்தி ஒன்று.
பிடி முத்துச்சிப்பி.
இந்தக் கடலிலிருந்தே போயிருக்கலாம்,
யார் கண்டது.

இந்தப் பைத்தியம் பிடித்து எனக்கு ஆறு வருடம்.
ஈசா டவுன் சந்தையில்
பழைய ரிமோட், ஒற்றைச் செருப்பு, ஊமை ரேடியோ
எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த
மான்கொம்புப் பிடிக் கத்தியைக்
கால் தினாருக்கு எடுத்தேன். அன்று தொடங்கியது.
இப்போது இருபத்திமூன்று,
பிஸ்கட் டின்னில், எண்ணெய்த் துணிக்குள்.
குதைபியா அறையில் என்னோடு தங்கும் சூசை
கதவோரக் கட்டிலுக்கு மாறிக்கொண்டான்.
"இத்தனை கத்திக்கு உனக்கு எதிரி எங்கடா?" என்பான்.

அவனுக்கு எப்படிச் சொல்ல,
நகம் வைக்க அலகில் ஒரு கீற்று இருக்கும்,
இழுத்தால் பாதி வழியில் நின்று யோசிக்கும்,
பிறகு வில் பிடித்து
டக்.
அந்த டக்கில் தெரிந்துவிடும்
பூட்டியவன் அன்றைக்கு
அவசரத்தில் இருந்தானா இல்லையா என்று.
அலகின் அடியில் எழுத்து தேய்ந்திருக்கும்.
பூதக்கண்ணாடி வைத்தால் ஷெஃபீல்டு என்று வரும்,
சில சமயம் "பீல்" மட்டும் வரும்.

மிஸஸ் ஓல்டுராய்டு பார்த்துவிட்டார்.
திருட்டு முழியோடு கீழே வைத்தேன்.
"திற," என்றார்.
வெள்ளி அலகு.
நடக்கும் சிங்கம், கிரீடம், ஓர் எழுத்து.
"கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு, மேடம்,"
வாயில் வந்தது வந்துவிட்டது.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
முப்பத்தோரு வருடம்
ஜெஃப் இதில்தான் ஆப்பிள் சீவினார்,
தோல் அறாமல், ஒரே சுருளாக.
ஒருநாளும் நாங்கள் இதைத் திருப்பிப் பார்க்கவில்லை, என்றார்.
பிறகு, எடுத்துக்கொள்.

விலை கேட்டேன். விலை இல்லை என்றார்,
ஆனால் சும்மாவும் தரமாட்டாராம்.
கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும்,
ஒரு காசாவது வை.

எங்கள் பக்கம் கத்தியைக் கையில் கொடுப்பதே இல்லை,
கீழே வைத்து எடுக்க வேண்டும்,
இல்லையென்றால் சண்டை வரும், என்றேன்.

அப்படியா, என்று மேசைமேல் வைத்தார்.
நான் பையைத் துழாவினேன்.
ஸ்க்ரூ, ஃப்யூஸ்,
பாய்மரப் படகு பொறித்த ஐம்பது ஃபில்ஸ்.
அதையும் மேசைமேல் வைத்தேன்.

என்ன நட்பு எங்களுக்குள்?
எட்டரைக்குக் கதவைத் தட்டினேன்,
ஷூவைக் கழற்றவா என்றேன், வேண்டாம் என்றார்,
தண்ணீர் கேட்டதற்கு எலுமிச்சை பிழிந்து தந்தார்.
வியாழக்கிழமை அவருக்கு ஃப்ளைட்.
அது அறுந்துவிடக் கூடாதென்று
அவ்வளவு கவனமாக இருந்தோம்.

"அண்ணே, மூணாவது மெஷின்!"
இபுராம்சா கத்தினான்.
ஏசி போன ஓட்டை வழியாக
வெயில் உள்ளே வந்து மேசையில் விழுந்தது.

இரவு சூசை கேட்டான்,
இது எதற்கு?
ஆப்பிளுக்கு, என்றேன். எடு ஒன்று.
கட்டிலில் இருந்தே கவனித்தான்.
மூன்றாவது சுற்றில் தோல் அறுந்தது.
இன்னொன்று எடு, என்றேன்.